ஹெரால்டு: இருபது நிமிசம் ஓடுது, அப்புறம் நின்னுக்குது

இட்டேரிவண்டி
மார்ச் 9, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும் கெடந்தேன். இப்ப வேற வழியில்லாம எழுத வந்துட்டேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 1969 மாடல். என்ற அப்பாரு வாங்குனது. கோபியிலிருந்து ஈரோட்டு மஞ்ச மண்டிக்கு சாம்பிள் மூட்டையோட அதுலதான் போவாரு. 1994ல அவருக்கு ஒடம்பு முடியாம போச்சு. அன்னைக்குத் தோட்டத்துச் சாளையில நிறுத்துனதுதான். பின் சீட்டுல கோழி அடை வெச்சுப் பொரிச்சது உண்டு, பொய்யில்லீங்க.

நான் மெக்கானிக் இல்லை. அரிசி ஆலையில கணக்கு எழுதறவன். ஞாயித்துக்கெழமையும் ரவைக்கும்தான் வேலை நடக்குது. வண்டியை வெளிய இழுத்து 14 மாசமாச்சு. இஞ்சினை இறக்கி, கோயமுத்தூருக்குக் கொண்டு போயி சிலிண்டரைக் கடைஞ்சு (போர் போட்டு), ஓவர்சைஸ் பிஸ்டன் மாத்தியாச்சு. எங்க போட்டேன்னு பேரு வேண்டாம். பத்து நாள்னு சொல்லி மூணு மாசம் வெச்சிருந்தாங்க. வயரிங் புதுசு. பெட்ரோல் டேங்க்கைக் கழட்டி உள்ள ஜல்லியைப் போட்டுக் குலுக்கி, கழுவி, காய வெச்சு மாட்டியாச்சு.

இப்ப பிரச்சினை. காலையில மொத செல்ஃப்லயே பிடிச்சுக்குது. சாளையில நிறுத்தி வெச்சு ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் அலுங்காம ஓடுது. ரோட்டுக்குக் கொண்டு போனா இருபது, இருபத்தஞ்சு நிமிசம். அப்புறம் ரெண்டு மூணு தடவை இடிச்சு இழுக்குது, நின்னுக்குது. எவ்வளவு செல்ஃப் அடிச்சாலும் வராது. பத்து நிமிசம் ரோட்டோரம் நின்னு போறவன் வர்றவன் கிட்ட எல்லாம் நாயம் பேசிட்டு, மறுபடி சாவியைத் திருப்புனா ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிச்சுக்குது. கெரகம்.

மாத்துனது: பிளக் நாலும், காயில், பெட்ரோல் பம்ப்புக்கு டயாஃப்ரம் கிட். கார்புரேட்டர் மூணு தடவை பிரிச்சுக் கழுவியாச்சு. கடேசித் தடவை அதுல ஒரு ஸ்ப்ரிங் மிச்சமாயிருச்சு, அது வேற வெசனம்.

இன்னொண்ணு, புலம்பலா எடுத்துக்கிட்டாலும் சரி. இந்த வண்டியில போல்ட் நட்டு எல்லாமே இஞ்ச் அளவு. நம்மகிட்ட இருக்கறது மில்லிமீட்டர் ஸ்பேனர். அரை இஞ்ச் தலைக்கு 13 போட்டா லூசு, சுத்திக்கிட்டு தலை மழுங்கிப் போகுது. ஒம்பது பதினாறுக்கு 14 நுழையாது, 15 ஆடும். ஈரோட்டுல நாலு கடை ஏறி எறங்கி, கடேசில ஒரு பெரியவர் கடையில தூசி படிஞ்ச இஞ்ச் செட்டு ஒண்ணு கெடைச்சுது. அதுக்குள்ள பதினோரு போல்ட்டு தலையைச் செரைச்சுட்டேன்.

சங்ககிரிலாரி
மார்ச் 9, இரவு 10:15

வேப்பர் லாக். சூட்டுல பெட்ரோல் பம்ப்புக்குள்ளயே ஆவியாயிருது. நின்ன உடனே பம்ப் மேல ஈரத் துணியைச் சுத்துங்க, பத்து நிமிசத்துல எடுக்கும். நான் 30 வருசம் லைன்ல ஓட்டுனவன், பெட்ரோல் வண்டிக்காரனுக எல்லாரும் டேஷ்போர்டுல ஒரு துணியும் தண்ணி பாட்டிலும் வெச்சிருந்த காலம் அது.

லேத்மாமா
மார்ச் 10, காலை 6:05

தம்பி, துணி கட்டறது எல்லாம் அப்புறம். மொதல்ல கன்டென்சரைப் பாருங்க.

நான் கணபதியில 38 வருசமா லேத் ஓட்டறேன், அதுக்கு முன்னால அஞ்சு வருசம் கார் ஒர்க்‌ஷாப். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சு விடறது) பாயின்ட் (கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கற சுவிட்ச்) பக்கத்துல சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு டப்பா இருக்கும், அதுதான் கன்டென்சர். பாயின்ட் தொறக்கறப்ப அங்க பொறி பறக்காம பாத்துக்கறது அதோட வேலை. அது சரியா இருந்தாத்தான் காயில்ல கரண்ட் சட்டுனு அறுந்து பிளக்குல பலமா நெருப்பு வரும். குளுந்திருந்தா நல்லா வேலை செய்யும், சூடானா படுத்துக்கும், ஆறுனா மறுபடி எந்திரிக்கும். நீங்க சொல்ற அறிகுறி அப்படியே அதுதான்.

வண்டி நின்னா உடனே பானட்டைத் தூக்குங்க. ஹெரால்டு பானட்டு முன் மட்கார்டோட சேர்ந்து முன்னால கவுந்து தொறக்கும், டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம். அந்த சௌகரியம் இன்னைக்கு எந்த வண்டியிலயும் இல்லை. காயில்ல இருந்து வர்ற நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில இருந்து புடுங்கி, நுனியை இஞ்சின் இரும்புக்குக் கால் இஞ்ச் தள்ளிப் புடிச்சு, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா ‘சடக் சடக்’னு குதிச்சா கரண்ட் பக்கம் கோளாறு இல்லை. மஞ்சளா, நூல் மாதிரி வந்தா கன்டென்சர். ஒயரை வெறும் கையில புடிச்சுப் போடாதீங்க, நான் புடிச்சிருக்கறேன்.

ஒண்ணு சொல்லி வெக்கறேன். இப்ப கடையில வர்ற கன்டென்சர் பாதி டூப்ளிகேட். புதுசு போட்டேன், அதனால அது நல்லா இருக்கும்னு நெனைக்க வேண்டாம்.

நொய்யல்காரன்
மார்ச் 10, காலை 8:31

எல்லாரும் 1975லயே இருக்கீங்க. இப்ப பங்க்குல கெடைக்கற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். அது பழைய ரப்பரை உப்ப வெக்கும், ட்யூப்புக்கு உள்பக்கம் உரிஞ்சு வரும், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். வண்டியை மாசக்கணக்கா நிறுத்தி வெச்சீங்கன்னா டேங்க்குக்கு அடியில தண்ணி தங்கி துரு புடிக்கும். ட்யூப் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற தரத்துக்கு மாத்துங்க. டயாஃப்ரம் கிட்டு எந்தக் காலத்துச் சரக்கோ, அதையும் பாருங்க.

லேத்மாமா
மார்ச் 10, காலை 8:50

எத்தனால் ரப்பரைத் திங்கும், ஒத்துக்கறேன். ஆனா பத்து நிமிசம் கழிச்சு ரப்பரு தானா சரியாகிக்குமா?

நொய்யல்காரன்
மார்ச் 10, காலை 8:58

உரிஞ்ச ரப்பர் துணுக்கு ட்யூப்பை அடைக்கும், உறிஞ்சறது நின்னா விலகிக்கும். ஆகும் மாமா.

ஆனமலைஅம்மிணி
மார்ச் 10, முற்பகல் 11:20

ஏனுங்க, ரெண்டு கேள்வி. சாளையில ஓடவிடறப்ப டேங்க்குல எவ்வளவு பெட்ரோல் இருக்கும்? ரோட்டுல நின்னப்ப எல்லாம் எவ்வளவு இருந்துது? டேங்க் மூடி பழசா, புதுசா?

டவுன்ஹால்தம்பி
மார்ச் 10, மதியம் 1:02

எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டு போடுங்க ப்ரோ. பாயின்ட்டும் வேண்டாம், கன்டென்சரும் வேண்டாம். 12 வோல்ட் எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு டிக்கியில மாட்டுங்க. கார்புரேட்டரையும் தூக்கி வேற போடுங்க. அரை நாள் வேலை.

லேத்மாமா
மார்ச் 10, மதியம் 1:30

அப்படியே இஞ்சினையும் மாத்திக்கலாம். பாடியையும் மாத்திக்கலாம். நம்பர் பிளேட்டை மட்டும் அப்பாரு ஞாபகமா வெச்சுக்கலாம்.

டவுன்ஹால்தம்பி
மார்ச் 10, மதியம் 1:41

ஓட்டறதுக்கா வண்டி, சாமி கும்படறதுக்கா?

(இதுக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் நடந்த 14 பதிவு ஓரியாட்டத்தை வேற இழைக்கு மாத்தியாச்சு. ஆளுக்கு ஒரு எச்சரிக்கை. — மேற்பார்வை)

இட்டேரிவண்டி
மார்ச் 16, இரவு 8:17

லேத் மாமா, உங்க காலைத் தொட்டுக் கும்படறேன்!

வியாழக்கெழமை சாயந்தரம் நின்னப்ப நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். ஸ்பார்க் மஞ்சளா, சீவிப் போன நூலாட்டம் வந்துது. பாயின்ட் முகமும் கரிஞ்சு குழி விழுந்திருந்துது. கோயமுத்தூர் உக்கடத்துல பழைய இரும்புக் கடையில, அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து கழட்டுன பழைய ஒரிஜினல் கன்டென்சர் ஒண்ணு கெடைச்சுது. பாயின்ட்டைத் தேச்சு, கேப் 15 தவுல (ஒரு தவுன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) வெச்சு மாட்டுனேன். இன்னைக்கு 40 நிமிசம் ஓட்டியாச்சு. கோபிக்குள்ளயே சுத்துனேன், பச்சமலை வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒரு இடி கூட இல்லை.

ஊட்டுக்காரி கூட மொத தடவையா அதுல ஏறி உக்காந்தா. “சீட்டுல கோழி வாசம் அடிக்குது”ன்னு மட்டும் சொன்னா.

லேத்மாமா
மார்ச் 16, இரவு 8:40

சந்தோசம். அடுத்த தடவை கோயமுத்தூர் வந்தா கணபதிக்கு வாங்க, காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்.

சங்ககிரிலாரி
மார்ச் 16, இரவு 9:05

வெயில் இன்னும் ஏறட்டும், பாக்கலாம்.

தென்னந்தோப்பு
மார்ச் 17, காலை 7:12

இஞ்சின் நாயம் முடிஞ்சுதுன்னா ஒண்ணு கேக்கறேன். முன் சக்கரத்து ட்ரனியனைப் பாத்தீங்களா?

நான் பொள்ளாச்சிப் பக்கம். எங்க சித்தப்பாரு கிட்டயும் இதே மார்க் 3 இருந்துது. ஹெரால்டுல முன் சக்கரத்தைத் தாங்கற நட்டுக்குத்து இரும்பு ஒண்ணு இருக்கும். அதோட அடி நுனியில மரை வெட்டி, வெங்கல ட்ரனியனுக்குள்ள திருகி விட்டிருப்பாங்க. ஸ்டீரிங் திருப்பறப்ப அந்த மரைதான் சுத்துது. வண்டியோட முன் பாரம் பூராவும் ரெண்டு பக்கத்து மரை மேலதான். அதுக்கு கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான், 90 நம்பர் ஈ.பி. நிப்பிள் இருக்கேன்னு நம்ம ஊர் சர்வீஸ் ஸ்டேசன்ல எல்லாம் கிரீஸ் கன்னை வெச்சு அடிச்சு விட்டுருவாங்க. கிரீஸ் அடி வரைக்கும் எறங்காது, தங்கி இறுகிக்கும். உள்ள தண்ணி பூந்து மரை துரு புடிச்சு, ஒரு நாள் ஸ்டீரிங் ஒடிக்கறப்ப ‘டக்’. சக்கரம் படுத்துக்கும்.

சித்தப்பாருக்கு ஆழியாறு செக்போஸ்ட் கிட்ட, நல்ல வேளையா ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னால அப்படி ஆச்சு. வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி. மேல எங்கயாவது ஒடைஞ்சிருந்தா நான் இப்ப இதை எழுதற மாதிரி இருக்காது.

28 வருசத்துக்கு மேல கோழிக்கூடா நின்ன வண்டி. கழட்டிப் பாக்காம ரோட்டுல ஏத்தாதீங்க.

இட்டேரிவண்டி
மார்ச் 17, இரவு 10:30

அண்ணா, ஆயில் கன் அடிச்சேனுங்க. ஆனா கழட்டிப் பாக்கலை. கழட்டறேன். இந்த மாசத்துக்குள்ள.

(பின்னால படிக்கறவங்களுக்கு: “இந்த மாசத்துக்குள்ள”ன்னு எழுதறவனை நம்பாதீங்க.)

இட்டேரிவண்டி
ஏப்ரல் 6, இரவு 11:48

எழுத மனசே இல்லை. இருந்தாலும் எழுதறேன்.

பண்ணாரி குண்டம் முடிஞ்சு கூட்டம் கொறைஞ்சிருக்கும், அம்மனைப் பாத்துட்டு வரலாம்னு ஊட்டுல ஆசைப்பட்டாங்க. நான், ஊட்டுக்காரி, மாமியார், பையன். மாமியாருக்கு ஆரம்பத்துல இருந்தே இந்த வண்டி மேல நம்பிக்கை இல்லை. “பஸ்ஸு போகுதல்லொ மாப்பிளை”ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நான் வீறாப்பா, கோபி பங்க்குல டேங்க்கை ரொப்பிட்டுக் கெளம்புனேன்.

சத்தி பவானி ஆத்துப் பாலம். நடுப்பாலம். இடிச்சுது, இழுத்துது, நின்னுக்குச்சு.

பின்னால மைசூர் போற லாரி, அதுக்குப் பின்னால கர்நாடகா பஸ்ஸு, அதுக்குப் பின்னால கரும்பு டிராக்டர். ஆரன் சத்தத்துல ஆத்துல குளிச்சிட்டிருந்தவங்க கூட நிமிந்து பாத்தாங்க. பையன் சிரிக்கறான். கரும்புக்காரரும் ரெண்டு பசங்களும் வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி விட்டாங்க. மாமியாரு எறங்கவே இல்லை. தள்ளறவங்க தள்ளட்டும்னு மடியில தேங்கா பழத் தட்டத்தோட உள்ளயே உக்காந்திருந்தாங்க.

பானட்டைக் கவுத்து ஸ்பார்க் பாத்தேன். நல்ல நீலம். மாமா சொன்ன மாதிரி சடக் சடக்குனு குதிக்குது. அப்ப கன்டென்சர் இல்லை. லாரி அண்ணன் சொன்னாரேன்னு பம்ப் மேல துண்டை நனைச்சுப் போட்டேன். பத்து நிமிசத்துல எடுத்துக்குச்சு. சரி, வேப்பர் லாக்குதான்னு நெனைச்சேன். பண்ணாரி போயிச் சேர்றதுக்குள்ள மறுபடியும். துண்டு ஈரமாத்தான் இருந்துது.

திரும்பி வர்றப்ப மாமியார் பஸ்ஸுல வந்தாங்க. ஊட்டுக்காரி வண்டியிலதான் வந்தா. ஆனா கோபி வரைக்கும் ஒரு பழமை பேசலை. அதுக்கு மாமியாரோட பஸ்ஸே தேவலை.

15 மாசமா ஞாயித்துக்கெழமை எல்லாம் அந்தச் சாளையில கெடக்கறேன். ஒண்ணைச் சரி பண்ணுனா ரெண்டு கெளம்புது. கதவு நாலும் பாடியும் கோடு சேரலை. மழை பேஞ்சா காலடியில ஒழுகுது. ஹீட்டர் ஒயரைத் தொட்டா இண்டிகேட்டர் எரியுது. இன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணிட்டேன், யாராச்சும் கேட்டா குடுத்தர்லாம்னு இருக்கறேன்.

டவுன்ஹால்தம்பி
ஏப்ரல் 7, காலை 7:20

எலக்ட்ரிக் பம்ப்னு நான் அப்பவே சொன்னேன். இருந்தாலும் வித்துடாதீங்க ப்ரோ. இதை மட்டும் நெஜமாத்தான் சொல்றேன்.

நொய்யல்காரன்
ஏப்ரல் 7, காலை 7:44

ட்யூப் மாத்துனீங்களா இல்லையா? பம்ப்புக்கு முன்னால ஒரு கண்ணாடி ஃபில்டர் போடுங்க, ஐம்பது ரூவா. நிக்கறப்ப அதுல பெட்ரோல் இருக்கா இல்லையான்னாவது தெரியும். குருட்டாம்போக்குல மாத்திட்டே இருந்தா காசுதான் கரையும்.

ஆனமலைஅம்மிணி
ஏப்ரல் 7, காலை 9:10

நான் மார்ச் 10ஆம் தேதியே ரெண்டு கேள்வி கேட்டேனுங்க. கன்டென்சர் சண்டையில யாரும் பதில் சொல்லலை.

எங்கப்பா மோட்டார் வைண்டிங் பட்டறை வெச்சிருந்தாரு, பம்ப்பு வேலையும் பாப்பாரு. உறிஞ்சற பக்கம் மொதல்ல பாரு, தள்ளற பக்கம் அப்புறம் பாருன்னு சொல்லுவாரு. பம்ப்புல குத்தமே இருக்காது, அது உறிஞ்சறதுக்குக் காத்து வழி விட்டிருக்க மாட்டாங்க.

கடலெண்ணெய் டின்னுல ஒரே ஓட்டையைப் போட்டுக் கவுத்துப் பாருங்க. ‘குளுக் குளுக்’னு நாலு சொட்டு வந்துட்டு நின்னுக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் வெள்ளமா ஊத்தும். உங்க வண்டி டேங்க்கும் டின்னுதான். எண்ணெய் போக காத்து உள்ள வரணும். ரொம்பப் பழைய வண்டியில அதுக்கு மூடியிலதான் சின்ன ஓட்டை இருக்கும்.

நீங்க எழுதுனதை மறுபடி படிச்சேன். சாளையில ஓடுது, பச்சமலைக்குப் போனப்ப ஓடுச்சு, டேங்க்கை ரொப்பிட்டுப் போனப்ப நின்னுது. அதனாலதான் மூடி கேட்டேன். அடுத்த தடவை நின்னா பானட்டுப் பக்கமே போகாதீங்க. பின்னால போயி மூடியைத் தொறங்க. ‘உஸ்ஸ்’னு காத்து உள்ள இழுத்தா, உடனே செல்ஃப் அடிங்க. பத்து நிமிசம் காத்திருக்காதீங்க.

இட்டேரிவண்டி
ஏப்ரல் 7, காலை 9:26

மூடி புதுசுங்க. பழசு துருப்புடிச்சு இத்துப் போச்சு. அதே அளவுல சாவி போட்டுப் பூட்டற மூடி ஒண்ணு ஈரோட்டுல வாங்குனேன், 450 ரூவா. பெட்ரோல் திருடறாங்கன்னு.

ஆனமலைஅம்மிணி
ஏப்ரல் 7, காலை 9:31

அதுல ஓட்டை இருக்குதா?

இட்டேரிவண்டி
ஏப்ரல் 7, காலை 9:33

ஆலையில இருக்கறேன். சாயந்தரம் பாத்துட்டு எழுதறேன்.

இட்டேரிவண்டி
ஏப்ரல் 7, இரவு 7:55

ஓட்டை இல்லை.

ரப்பர் வாஷர் போட்டு, கச்சிதமா, சொட்டுக் காத்து போகாத மாதிரி நல்லாச் செஞ்சிருக்கறான். அந்த மூடியைச் செஞ்சவனுக்கு அம்பாசடரோ ஹெரால்டோ தெரிஞ்சிருக்காது.

டேங்க் ரொப்பித்தான் இருந்துது. சத்தி ரோட்டுல போனேன். அதே மாதிரி இடிச்சு நின்னுது. எறங்கி ஓடிப் போயி சாவியைப் போட்டு மூடியைத் திருகுனேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதறதுன்னு தெரியலை. சோடா பாட்டில் தொறக்கற மாதிரி, ஆனா தலைகீழா. உள்ள இழுக்குது. ஓடி வந்து செல்ஃப் அடிச்சேன். ரெண்டாவது சுத்துல எடுத்துக்குச்சு. பத்து நிமிசம் இல்லை, அரை நிமிசம் கூட ஆகலை. மூடியைத் தொறந்து டிக்கியில போட்டு, வாய்ல துணியைச் சொருகிட்டு கோபி வந்தேன், நடுவுல எங்கயும் நிக்கலை. துணி சொருகிட்டு ஓட்டறது தப்புன்னு தெரியும், திட்டாதீங்க.

இப்பத்தான் எல்லாம் புரியுது. டேங்க் முக்கால்வாசி காலியா இருந்தா உள்ள காத்து நெறைய இருக்குது. ஒரு லிட்டர் பெட்ரோல் போனாலும் அந்தக் காத்து சித்த விரிஞ்சு எடம் குடுத்துக்கும், பம்ப்புக்கு உறிஞ்சத் தெம்பு இருக்கும். சாளையில நான் கேன்ல அஞ்சு லிட்டர்தான் ஊத்துவேன். பச்சமலைக்குப் போனதும் அதே அஞ்சு லிட்டர். டேங்க்கை வாய் வரைக்கும் ரொப்புனா மேல காத்துக்கு எடமே இல்லை. ஒரு லிட்டர் கொறைஞ்ச உடனே உள்ள வெற்றிடம் இழுத்துப் புடிச்சுக்குது. அதனாலதான் ஆசையா ரொப்பிட்டு ஊர்கோலம் போனப்ப எல்லாம் மானம் போச்சு.

இன்னொண்ணும் புரிஞ்சுது. ஈரத் துணி போட்டேன், எடுத்துச்சு. கார்புரேட்டர் கழட்டி மாட்டுனேன், எடுத்துச்சு. பிளக்கைத் தொடைச்சேன், எடுத்துச்சு. எது பண்ணுனாலும் எடுத்துச்சு, ஏன்னா எது பண்ணவும் பத்து நிமிசம் ஆகுது. அந்தப் பத்து நிமிசத்துல வாஷர் இடுக்குல காத்து மெல்ல கசிஞ்சு உள்ள போயிருது. ஒவ்வொரு தடவையும் நான்தான் சரி பண்ணுனேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

மூடியில ஒண்ணரை மில்லி ட்ரில்லைப் போட்டாச்சு. அம்மிணி, உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க.

ஆனமலைஅம்மிணி
ஏப்ரல் 7, இரவு 8:20

ட்ரில் போட்ட பிசிறு டேங்க்குக்குள்ள விழாம பாத்தீங்களா? பழைய மூடி வீசலைன்னா அதுல ஓட்டை எப்படி வளைஞ்சு போகுதுன்னு பாருங்க. நேர் ஓட்டையா இருந்தா திருப்பத்துல பெட்ரோல் தெறிக்கும், மழைத் தண்ணியும் எறங்கும். வழி வளைஞ்சிருக்கணும்.

இட்டேரிவண்டி
ஏப்ரல் 7, இரவு 8:24

நேராத்தான் போட்டிருக்கறேன்.

லேத்மாமா
ஏப்ரல் 8, காலை 6:10

கன்டென்சரும் கெட்டுத்தானே இருந்துது. மஞ்ச ஸ்பார்க்கை நீங்களே கண்ணால பாத்தீங்க. ரெண்டு கோளாறு ஒரே நேரத்துல இருக்கக் கூடாதுன்னு சட்டமா?

அம்மிணி சொன்னது சரி. மூடியை எடுத்துக்கிட்டு வாங்க, உள்ள ஒரு சின்ன தகடு வெச்சு வழியை வளைச்சுத் தர்றேன். காசு வேண்டாம்.

சங்ககிரிலாரி
ஏப்ரல் 8, காலை 6:32

துணி போட்டா எடுத்துச்சுன்னு அவரே எழுதியிருக்கறாரு, பாத்துக்குங்க.

ஈரோட்டுமஞ்சள்
ஏப்ரல் 8, காலை 10:02

படிச்சு படிச்சு சிரிச்சேன். மாமியார் தேங்கா பழத் தட்டத்தோட உக்காந்திருந்ததுதான் உச்சம்.

சும்மா கேக்கறேன், பேப்பர் எல்லாம் எப்படி இருக்குது? ஆர்.சி. உயிரோட இருக்கா?

இட்டேரிவண்டி
ஏப்ரல் 8, மதியம் 2:15

ஆர்.சி. புக்கு அப்பாரு பேருல, கரையான் ஓரத்தைத் தின்னது போக மிச்சம் இருக்குது. அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க.

ஈரோட்டுமஞ்சள்
ஏப்ரல் 8, மாலை 4:40

அப்ப ரோட்டுல ஏத்தறதுக்கு முன்னால அதை முடிங்க. பாலத்து மேல யாராச்சும் மோதியிருந்தா இன்சூரன்ஸ் கதை என்ன ஆயிருக்கும்?

ரெண்டு வழி இருக்குது. மொதல்ல வாரிசுப் பேருக்கு மாத்தி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியான்னு பாக்கற சோதனை) காட்டி, அஞ்சஞ்சு வருசத்துக்குப் புதுப்பிக்கறது. இல்லைன்னா 2021ல வந்த விண்டேஜ் விதி. மொதப் பதிவாகி 50 வருசம் தாண்டுன வண்டி, பெருசா மாத்தம் பண்ணாம பழைய மாதிரியே இருந்தா அதுல பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூவா, பத்து வருசத்துக்குச் செல்லும். ஆனா அதுல பதிஞ்சா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குக் கொண்டு போக, இப்படித்தான் ஓட்டலாம். பண்ணாரிக்கு மாமியாரைக் கூட்டிட்டுப் போறது அதுல வராது. உங்களுக்கு மொத வழிதான் சரி.

டவுன்ஹால்தம்பி பேச்சைக் கேட்டு எல்லாத்தையும் மாத்தியிருந்தா ரெண்டாவது வழியே அடைஞ்சிருக்கும், அதையும் சொல்லிக்கறேன்.

தென்னந்தோப்பு
ஏப்ரல் 8, இரவு 9:00

ட்ரனியன்?

இட்டேரிவண்டி
ஏப்ரல் 13, இரவு 10:05

கழட்டுனேன் அண்ணா.

எடப்பக்கம் பரவாயில்லை, மரை பளபளன்னு எண்ணெயோட இருந்துது. வலப்பக்கம் கிரீஸ் களிமண்ணு மாதிரி இறுகி, அடி அஞ்சு மரைக்கு ஒண்ணுமே எறங்கலை. துடைச்சுப் பாத்தா செந்துரு. நகத்துல சொரண்டுனா பொட்டு பொட்டா உதிருது. ஒரு எடத்துல மரையோட அடியில மயிரிழை மாதிரி கோடு. கீறலா, துருவா தெரியலை. இந்த வண்டியிலதான் போன ஞாயித்துக்கெழமை பையனைப் பின்னால உக்கார வெச்சு ஓட்டியிருக்கறேன். சாப்பாடு எறங்கலை.

வெங்கல ட்ரனியன் ரெண்டையும் இங்க பக்கத்து ஊர்ல ஒரு லேத்துல குடுத்துப் புதுசா அடிச்சு வாங்குனேன். மாட்டிப் பாத்தா ஒண்ணு சரியாப் பூருது, இன்னொண்ணு பூரவே மாட்டேங்குது. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது.

லேத்மாமா
ஏப்ரல் 13, இரவு 10:19

ஒரே மாதிரி இருக்கறதுதான் தப்பு தம்பி. ஒரு பக்கம் வல மரை, மறுபக்கம் எட மரை. ரெண்டையும் வல மரையா வெட்டிக் குடுத்துட்டாங்க. மாதிரி ரெண்டையும் குடுத்தீங்களா, ஒண்ணை மட்டும் குடுத்து ரெண்டு கேட்டீங்களா?

இட்டேரிவண்டி
ஏப்ரல் 13, இரவு 10:21

ஒண்ணு மட்டும்தான் குடுத்தேன்.

லேத்மாமா
ஏப்ரல் 13, இரவு 10:34

பழசு ரெண்டையும், அந்த நட்டுக்குத்து இரும்பு ரெண்டையும் ஒரு சாக்குல போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. மூடியையும் மறக்காதீங்க. வெங்கலத்தை நான் வெட்டித் தர்றேன். ஆனா அந்தக் கோடு விழுந்த இரும்பை வெல்டிங் வெச்சு ஒப்பேத்தலாம்னு யாராச்சும் சொன்னா அவங்க கடைப்பக்கமே போகாதீங்க. கீறலா இல்லையான்னு பீளமேட்டுல டெஸ்ட் பண்ணிச் சொல்லுவாங்க, கூட்டிட்டுப் போறேன். கீறலா இருந்தா வேற இரும்புதான்.

தென்னந்தோப்பு
ஏப்ரல் 13, இரவு 10:50

சித்தப்பாரு வண்டியில வலப்பக்கத்து இரும்புதான் ஒடைஞ்சுது, எடப்பக்கம் நல்லா இருக்குது. இங்க அட்டாளியில கெடக்குது. ஆனா உங்களுக்கு வேணுங்கறதும் வலப்பக்கம்தானே. சே.

ஆனமலைஅம்மிணி
ஏப்ரல் 14, காலை 6:45

புத்தாண்டு வாழ்த்துக்களுங்க எல்லாத்துக்கும். கரூர்ல பஸ் பாடி கட்டற எடத்துல எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு ஒரு ஹெரால்டைப் பிரிச்சுப் போட்டு வெச்சிருக்கறாரு. கதவு கோடு சேரலைன்னீங்களே, அதுக்கும் அவரு கண்ணு நல்லாப் பேசும். வலப்பக்கம் இருக்குதான்னு கேட்டுச் சொல்றேன்.

இட்டேரிவண்டி
ஏப்ரல் 14, காலை 7:30

வண்டி இப்ப முன்சக்கரம் ரெண்டும் இல்லாம பனங்கட்டை மேல உக்காந்திருக்குது. இஞ்சின் மட்டும் அருமையா ஓடுது. காலையில சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், கோழிக எல்லாம் எறங்கி ஓடுச்சு.

மாமியார் கனி காணறதுக்கு வந்திருக்காங்க. எட்டிப் பாத்துட்டு, “இப்பத்தான் மாப்பிளை வண்டி பாக்க நல்லா இருக்குது, எங்கயும் போகாது”ன்னாங்க.

அம்மிணி, கரூர்க்காரர் நம்பரைத் தனியாச் செய்தியில அனுப்புங்க.